டோல்கேட் முனியும் முத்தம்மாவின் மோட்டார் சைக்கிளும்

ராயபுரம் மீன் சந்தையில் முத்தம்மாவுக்கு ஒரு கல் இருந்தது. கல் என்றால் வைரக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். உட்கார்ந்து மீன் விற்பதற்கான பலகைக் கருங்கல்தான். ஆனால் வாசலில் நுழைந்ததும் முதல் கல் அது. காலை முழுக்க வேப்பமரத்து நிழல் அதன்மேல் விழும். துரைமார் வீட்டு பட்லர்கள், பண்டகசாலை முதலாளிகள் வீட்டுச் சமையல்காரர்கள், கப்பல்களுக்கு மீன் வாங்குகிறவர்கள், யாரானாலும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் அடுத்த கல்லுக்குப் போக வேண்டும். முத்தம்மா வாயைத் திறந்துவிட்டால் தாண்டவும் முடியாது. கவர்னரே வந்து, "அம்மா, உன் கல்லைக் கொடு, என் நாற்காலியை எடுத்துக்கொள்" என்று கெஞ்சியிருந்தாலும், "நாக்காலி எனக்கு இன்னாத்துக்கு? மீனு கழுவ முடியுமா அதுல?" என்று கேட்டிருப்பாள்.

அந்தக் கல்லைப் பிடுங்கத்தான் பரசுராமன் கச்சை கட்டிக்கொண்டு நின்றான்.

பரசுராமன் சந்தையைக் குத்தகைக்கு எடுத்தவன். அவனுடைய தொப்பை சந்தைக்குள் நுழைந்து நலம் விசாரித்து முடித்த பிறகுதான் அவன் நுழைவான். எண்ணூர்ப் பக்கத்து மீனை ஏற்றி வருகிற மாட்டுவண்டிகளும் அவனுடையவைதான். நெட்டுக்குப்பத்துப் பெண்கள் கூடைகளை விடியுமுன் அந்த வண்டிகளில் ஏற்றிவிட்டு, தாங்கள் ரயிலில் முன்னால் வந்து சந்தையில் காத்திருப்பார்கள். ஈரம் சொட்டும் கூடையோடு ரயில் பெட்டியில் ஏறினால் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆக, வண்டிக்காரன் வைத்ததுதான் சட்டம். கூலி கொடுத்தாலும் போதாது. ஒவ்வொரு கூடையிலும் பரசுராமன் கையை விட்டு, மேலாக இருக்கிற நல்ல மீனாக ஒன்றை எடுத்துக்கொள்வான். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முத்தம்மா ஒருநாள் திருப்பிக்கொள்ளவில்லை. அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள். சத்தம் காசிமேட்டில் கேட்டது என்கிறார்கள்.

"என் வண்டியில ஏத்தற மீனு, என் கை படாம ஏறுமா?" என்று கத்தினான் பரசுராமன்.

"கை பட்டா பட்டுட்டுப் போவுது மேஸ்திரி. திரும்பி வரும்போ மீனையும் இட்டுகினு வருதே, அதான் பேஜாரு."

அன்றைக்கே அவளுடைய கூடையை வண்டியில் ஏற்றக்கூடாது என்று உத்தரவு. கூடவே புதிதாக ஒரு சட்டமும்: காலையில் சந்தை மணி அடிக்கும்போது கல்லின்மேல் மீன் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பப் பிந்தினால் கல் போய்விடும். மணி அவனுடையது, கடிகாரம் அவனுடையது, நேரமும் அவனுடையதுதான். தன் வண்டிகள் வந்து இறங்கின பிறகு அடிக்கச் சொல்வான். மற்றவர்களுக்கு என்ன கஷ்டம்? முத்தம்மாவுக்குத்தான் கஷ்டம். கல்லுக்கு வாரிசாகத் தன் மச்சினி கன்னியம்மாவை அவன் முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தான்.

"வண்டி ஏத்தலன்னா பேசாம கால்ல வுழுந்துடு" என்றான் அவள் புருஷன் வேலப்பன். கழிமுகத்தில் வலை போடுகிற சாதுவான மனிதன்.

"வுழுவேன். அவன் கால்ல இல்ல, அவன் தொப்பை மேல" என்று சொல்லிவிட்டு, காதுக் கம்மலைக் கழற்றிக்கொண்டு ஹார்பர் பக்கம் போனாள்.

அங்கே ஏலம். யாரோ ஒரு வியாபாரி வெளிநாட்டிலிருந்து மலிவாக ஒரு மோட்டார் சைக்கிளை வரவழைத்துவிட்டு, வந்து எடுக்காமல் போய்விட்டான். பக்கத்தில் தொட்டி வைத்த வண்டி. எந்த தேசத்துச் சரக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. பெயர்ப்பலகையில் மெய்யெழுத்துகளாகவே வரிசையாக இருந்ததால் வாசித்தவர்களுக்கெல்லாம் இருமல் வந்தது. கூடவே வந்த ஒரே ஒரு ஸ்பேனர் அந்த வண்டியின் எந்த நட்டுக்கும் பொருந்தவில்லை. இப்படி ஒரு ஏலம் நடக்கிறதென்று அவளுக்குத் துப்புக் கொடுத்தவன் அமீர்.

அமீர் ராயபுரத்துக்காரன். துறைமுகத்தில் லாஞ்சு என்கிற மோட்டார் படகு ஒன்றுக்கு என்ஜின் பார்த்துக்கொண்டிருந்தான், லாஞ்சை விற்றுவிட்டார்கள். வீட்டில் பெண்டாட்டி சாபிராவின் வாய்க்கு பயந்து, வண்டியைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் நெட்டுக்குப்பத்திலேயே டேரா போட்டுவிட்டான்.

"நா ரிப்பேர் பண்ண கப்பலு ரங்கூன் வரைக்கும் போச்சு, தெரியுமா தங்கச்சி?"

"திரும்பி வந்துச்சா பாய்?"

"அங்கியே சந்தோஷமா கீது."

வண்டியை எடுத்த அன்று சகுனமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஹார்பரிலிருந்து நெட்டுக்குப்பம் வரைக்கும் ஒரே மூச்சில், ஓரிடத்திலும் என்ஜின் அணையாமல் வந்தது. முதலில் அமீர்தான் ஓட்டினான். லாஞ்சிலேயே பழகின கைக்கு ரோட்டின் வளைவெல்லாம் அலையாகத் தோன்றியதோ என்னவோ, கத்திவாக்கத்தில் நேராக உப்பளத்துக்குள் இறக்கிவிட்டான். முழங்கால் வரைக்கும் உப்பு. "எறங்கு பாய்" என்று சொல்லி, புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முத்தம்மா ஏறி உட்கார்ந்தவள்தான். அப்புறம் அந்தக் கைப்பிடியை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மோட்டார் ஓட்டுகிற மீன்காரியைப் பார்க்க எண்ணூர் பங்களாவில் ஒரு துரை டிபனை விட்டுவிட்டு வெளியே ஓடிவந்தான். முள்கரண்டியில் குத்திய முட்டை கடைசிவரைக்கும் வாய்க்குப் போகவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் மாமியார் சொக்கம்மாள் ஆரத்தி எடுத்தாள். வண்டிக்குப் பொட்டு வைக்க வேண்டுமே, நெற்றி எங்கே? பெட்ரோல் டாங்கின் மூடி வட்டமாகப் பளபளவென்று இருந்தது. அதன் நட்டநடுவில் ஊசி முனை போல ஒரு சின்னக் குழி. பொட்டு வைக்கவென்றே வெள்ளைக்காரன் குழி போட்டு அனுப்பியிருக்கிறான் என்று எல்லாரும் பூரித்துப் போனார்கள். முத்தம்மாவே சந்தனத்தைக் குழைத்து அதில் அழுத்தி, மேலே குங்குமத்தை வைத்தாள். அதற்கப்புறம் தினமும் புறப்படுமுன் ஒன்று. வெள்ளிக்கிழமை ஸ்பெஷலாக இன்னொன்று.

மறுநாளிலிருந்து தகராறு ஆரம்பமாயிற்று.

என்ஜினுக்கு அமீர் விளக்கெண்ணெய் போட்டான். அந்தக் காலத்து மோட்டார்களுக்கு அதுதான் வழக்கம். ஆனால் இந்த வண்டி எண்ணெயைக் குடித்துப் புகையாகவே கக்கியது. கத்திவாக்கத்தில் வருஷக்கணக்காக மலச்சிக்கலில் கிடந்த ஒரு பெரியவர் அந்தப் புகையை ஒருமுறை முகர்ந்தார். அன்றிலிருந்து தினமும் வண்டி வரும் நேரம் பார்த்து, மூக்கை நீட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பார். புகை போகட்டும். கத்திவாக்கம் தாண்டும், திருவொற்றியூர் தாண்டும், டோல்கேட் வந்ததும் வண்டி இரண்டு தரம் விக்கும், ஒரு தரம் தும்மும், நின்றுவிடும். முதல் நாள் டோல்கேட். அடுத்த நாளும் டோல்கேட். தப்பித்தவறிக்கூட வேறு இடம் கிடையாது. பெட்ரோல் குடிக்கிறது, உட்கார்ந்துகொள்கிறது, வேலை செய்ய மாட்டேன் என்கிறது. முத்தம்மா அதற்கு 'ஜமீன்தார்' என்று பெயர் வைத்தாள்.

முதல் நாள் வண்டி நின்றதும், அமீர் மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டுப் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மூடியைப் போட்டு, கண்ணை மூடி ஏதோ ஓதி, என்ஜின்மேல் ஊதினான். உதைத்தான். புறப்பட்டுவிட்டது!

"பாத்தியா? நம்ப மூச்சுக்கு அவ்ளோ பவர்" என்றான் அமீர்.

அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றது. குச்சியை விட்டுப் பார்த்தான், பெட்ரோல் இருந்தது. ஓதி ஊதுவதற்குள் முத்தம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "கஸ்மாலம்! சோம்பேறி! உன்ன ஏலத்துல எடுத்த கைய ஒடைக்கணும்!" என்று ஆரம்பித்து, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளில் ஜமீன்தாரின் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிட்டு ஒரு உதை கொடுத்தாள். புறப்பட்டுவிட்டது! வாய்க்கு பயந்துதான் ஓடுகிறது என்று அவள் முடிவு கட்டினாள்.

செய்தி சொக்கம்மாளுக்கு எட்டியது. "அடிப்பாவிகளா, டோல்கேட்ல முனி கீறாரு. முன்னெல்லாம் அங்க வரி வாங்குவாங்கோ. வெள்ளைக்காரன் நிறுத்திட்டான், முனி நிறுத்தல" என்றாள். அடுத்த தடவை கற்பூரம் கொடுத்தனுப்பினாள். வண்டி நின்றது, அமீர் குச்சியை விட்டுப் பார்த்தான், முத்தம்மா கற்பூரம் ஏற்றினாள், வண்டி புறப்பட்டுவிட்டது!

இதுதான் கொடுமை. எந்த மருந்தும் பலிக்கவில்லையென்றால் வேறு மருந்து தேடலாம். எல்லா மருந்தும் பலித்தால் நோய் என்னவென்று யார் தேடுவார்கள்? ஓதினவன் ஓதினதால் என்றான். திட்டினவள் திட்டினதால் என்றாள். கற்பூரம் கொடுத்தவள் வீதி வீதியாகச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் அமீர் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினான். மாக்னெட்டோவைப் பிரித்துப் பொறி வருகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, வந்ததைத் தலைமுடி நட்டுக்கொண்டு நிற்க அறிவித்தான். கார்புரேட்டரை வேட்டி நுனியால் துடைத்தான். எல்லாம் சுத்தம். ஆனாலும் டோல்கேட்டில் ஜமீன்தார் உட்காருவது நிற்கவில்லை. உட்கார்ந்த நேரமெல்லாம் சந்தையில் மணி அடித்துவிட்டது.

"இன்னொரு தபா மணிக்குப் பிந்தினா கல்லு கன்னியம்மாவுக்கு" என்று சந்தை முழுக்கக் கேட்கும்படி சொன்னான் பரசுராமன்.

"இன்னொரு தபா பிந்தமாட்டேன். மணிய நல்லா தொடச்சி வையி" என்றாள் முத்தம்மா.

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி வரும் வழியெல்லாம் ஜமீன்தாரிடம் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

அன்று சாயந்திரம் அவளே தன் கையால் டாங்கை விளிம்பு வரை நிரப்பினாள். மறுநாள் அதிகாலை இறால் ஒரு கூடை, நண்டு ஒரு கூடை, கெளுத்தி ஒரு கூடை, எல்லாம் உயிரோடு. தொட்டியில் கூடைகளை அடுக்கி, அதன்மேல் எலுமிச்சம்பழம், கற்பூரம் சகிதம் சொக்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள். முனியிடம் நேரிலேயே பேசிவிடுவதாக ஏற்பாடு. பின்னால் அமீர். நண்டு ஒன்று கூடைக்குள்ளிருந்து தன் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க, சொக்கம்மாள் "ஆத்தாடி!" என்று அலறினாள். அதையே ஹாரனாக வைத்துக்கொண்டு வண்டி கிளம்பியது.

கத்திவாக்கத்தில் பரசுராமனின் மாட்டுவண்டிகளைப் பின்னுக்குத் தள்ளினார்கள். முன்வண்டியை ஓட்டின தவசிமுத்து அசந்து உட்கார்ந்திருந்தான். முத்தம்மாவுக்குக் குஷி. இப்படியே போனால் சந்தையைப் பெருக்குவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்.

திருவொற்றியூரில், டோல்கேட் இன்னும் கண்ணுக்கே தெரியாத இடத்தில், வண்டி இரண்டு தரம் விக்கியது. ஒரு தரம் தும்மியது. நின்றுவிட்டது.

"அய்யய்யோ, முனி இவ்ளோ தூரம் நடந்து வந்துகீறாரே!" என்றாள் சொக்கம்மாள்.

அமீர் ஓதி ஊதினான். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக ஊதினான். கண் பிதுங்கியதுதான் மிச்சம். சொக்கம்மாள் நடுரோட்டில் கற்பூரம் கொளுத்தி, முனி வந்த தூரத்துக்குத் தகுந்தபடி எலுமிச்சம்பழத்தை நாலாக வெட்டிப் போட்டாள். நடக்கவில்லை. முத்தம்மா திட்ட ஆரம்பித்தாள். அவள் திட்டின திட்டில் எதிர்ச்சாரியிலிருந்த டீக்கடைக்காரர் அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். ஜமீன்தார் அசையவில்லை.

பின்னால் மணியோசை. மாட்டுவண்டிகள் ஒவ்வொன்றாக வந்து அவர்களைத் தாண்டின.

"இன்னாக்கா, ஜமீன்தாரு தூங்குறாரா?" என்றான் தவசிமுத்து. "பின்னால கட்டி இழுத்துகினு போவட்டா? மாடு ஒண்ணியும் சொல்லாது."

"போடா போ. உன் மாட்டுக்கு இன்னிக்கு கெட்ட நேரம்" என்றாள் முத்தம்மா. குரலில் மட்டும்தான் தெம்பு இருந்தது. வண்டிகளின் பின்பக்கம் சின்னதாகிச் சின்னதாகித் திருப்பத்தில் மறைந்தது. கூடைக்குள் இறால் துள்ளும் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைவதை அவள் காது எண்ணிக்கொண்டிருந்தது. கன்னியம்மா அந்தக் கல்லில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிற காட்சி கண்முன் வந்தது. முதல் வாடிக்கைக்காரன் வாசலில் நுழையும்போது, "வா நைனா, வா" என்று கூப்பிடப் போவது வேறொருத்தி.

"என்ஜினு காய்ஞ்சி போச்சு. விளக்கெண்ணெய் ஊத்தினா சரியாப் பூடும்" என்றான் அமீர். அவனிடம் மிச்சமிருந்த ஒரே யோசனை அதுதான். புது டின் ஒன்றை எடுத்து, மூலையில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, எண்ணெய்த் தொட்டிமேல் கவிழ்த்தான். எண்ணெய் 'குபுக்' என்று ஒரு வாய் வந்தது. நின்றது. டின்னைக் குலுக்கினான். இன்னொரு 'குபுக்'. நின்றது.

"பாய்! இன்னா வேலை பண்ற நீ? ஒத்த ஓட்டை போட்டா எண்ணெய் எப்பிடி வரும்? காத்து உள்ள போவ இன்னொரு ஓட்டை வேணாவா? வூட்ல மண்ணெண்ணெய் டின்னே தொறந்ததில்லியா?"

மீன் கத்தியை எடுத்து, டின்னின் எதிர்மூலையில் ஒரே குத்து. எண்ணெய் நூல் பிடித்த மாதிரி சரசரவென்று இறங்கியது.

முத்தம்மா கத்தியைத் திரும்பச் செருகவில்லை. இறங்குகிற எண்ணெயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெல்லத் திரும்பிப் பெட்ரோல் டாங்கைப் பார்த்தாள்.

"பாய். மொத நாளு ஓதி ஊதினியே, அதுக்கு முன்னால இன்னா பண்ணே?"

"மூடியத் தொறந்து குச்சி வுட்டுப் பாத்தேன்."

"நான் திட்டின அன்னிக்கு?"

"அன்னிக்கும் குச்சி வுட்டேன்."

"கற்பூரம் கொளுத்தின அன்னிக்கு?"

"குச்சிதான். அது நம்ப பழக்கம். லாஞ்சுலயும் அப்பிடித்தான்."

"இன்னிக்கு?"

"இன்னிக்கு எதுக்குத் தொறக்கணும்? நீதானே நேத்து சாயந்திரம் தளும்பத் தளும்ப ரொப்பினே?"

முத்தம்மா மூடியைப் பிடித்துத் திருகினாள். அது லேசில் வரவில்லை. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு கையாலும் திருகினாள்.

'ஸ்ஸ்ஸ்ஸ்ஸ்!'

தண்ணீருக்குள் முங்கியிருந்த குழந்தை வெளியே வந்து இழுக்குமே, அப்படி மூச்சை இழுத்தது டாங்க். அந்த மூச்சில் அமீரின் தாடி டாங்க் பக்கமாக வளைந்தது. பக்கத்தில் மேய்ந்த கோழி இரண்டு அடி முன்னால் வந்து நின்றுகொண்டு ஏன் வந்தோம் என்று யோசித்தது.

"இது முனி வேலை இல்ல அத்தை. இது பொட்டு வேலை" என்றாள் முத்தம்மா. "இந்தக் குழி பொட்டுக்கு இல்ல. மூச்சு வுடறதுக்கு. பெட்ரோலு கீழ எறங்க எறங்க மேலேந்து காத்து உள்ள போவணும். நான் தெனம் சந்தனத்த வச்சி அடைச்சிகினு கீறேன். எவ்ளோ நாழிதான் அது மூச்சைப் புடிச்சிகினு ஓடும்?"

"அப்ப டோல்கேட்டு?"

"அது வரைக்கும்தான் அதுக்கு தம்மு. இன்னிக்கு டாங்கை ரொப்பிட்டேன். உள்ள காத்து கொஞ்சம்தான். அதான் சீக்கிரமே முட்டிப் போச்சு."

"நானும் அத்தத்தான் சொல்ல வந்தேன்" என்றான் அமீர்.

சொக்கம்மாளுக்கு முனியை இப்படிக் கைவிடுவது பிடிக்கவில்லை. முத்தம்மா மூடியிலிருந்த குங்குமத்தைத் துடைக்கப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நெத்திக் குங்குமத்த அழிக்காதடி! குடும்பத்துக்கு ஆவாது!"

"நெத்தின்னு நெனச்சி மூக்குல வச்சிட்டோம் அத்தை. மூக்குல சந்தனத்த அடைச்சா உம்மவன் பொழைப்பானா?"

மேலே இருந்ததைத் துடைத்தாயிற்று. குழிக்குள் சந்தனம் நாட்கணக்கில் இறுகிச் சிமெண்ட் ஆகியிருந்தது. அமீரின் ஆணி பெரிது. ஸ்பேனரோ எதற்கும் ஆகாதது. முத்தம்மா கூடைக்குள் கையை விட்டு, துள்ளுகிற கெளுத்தி ஒன்றைப் பிடித்து, அதன் முதுகு முள்ளை 'டக்'கென்று ஒடித்தாள். கெளுத்தி முள் குத்தினால் பெரிய ஆம்பிளையே ஒருநாள் அழுவான், சந்தனம் எம்மாத்திரம்? இரண்டு குத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தது. குழியில் வாயை வைத்து ஊதினாள். அந்தப் பக்கம் காற்று வந்தது. மாமியார் மனம் நோகாமலிருக்க, முன்விளக்கின் தலையில் புதிதாக ஒரு பொட்டு வைத்தாள். அங்கே எந்த ஓட்டையும் இல்லை என்று தடவிப் பார்த்துக்கொண்டுதான் வைத்தாள்.

ஒரே உதை. ஜமீன்தார் கர்ஜித்துக்கொண்டு எழுந்தது.

அன்று அந்த வண்டி போன வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதனால் பாதியைக் குறைத்தே சொல்லலாம். திருவொற்றியூரில் புறப்பட்ட சத்தம் அவர்களைப் பிடிக்க முடியாமல் பின்னால் ஓடிவந்தது. டோல்கேட்டில் நிற்கவே இல்லை. "முனியப்பா, இன்னிக்கு நேரமில்ல, நாளைக்கு வந்து பேசறேன்!" என்று சொக்கம்மாள் கத்தியதில் பாதி டோல்கேட்டில் விழுந்தது, பாதி தண்டையார்பேட்டையில் விழுந்தது.

தண்டையார்பேட்டையில் மாட்டுவண்டிகள் முன்னால் தெரிந்தன. அமீர் புதிதாக ஊற்றின விளக்கெண்ணெய் அப்போதுதான் நன்றாகச் சூடேறியிருந்தது. வண்டிகளை ஒட்டி அவர்கள் தாண்டினபோது வெள்ளைப் புகை மேகமாக எழுந்து மாடுகளை மூடியது. மாடுகள் ஆளுக்கு இரண்டு மூச்சு நன்றாக இழுத்தன. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக ரோட்டோரம் ஒதுங்கி நின்றுவிட்டன. எதற்கு ஒதுங்கின என்று விளக்க வேண்டியதில்லை. தவசிமுத்து சாட்டையை எடுத்தான், கெஞ்சினான், அழுதான். சில காரியங்களில் மாட்டை அவசரப்படுத்த முடியாது.

ராயபுரம் சந்தையில் பரசுராமன் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். பெண்கள் அவரவர் கல்லில் உட்கார்ந்து கூடைகளுக்குக் காத்திருந்தார்கள். முதல் கல்லில் கன்னியம்மா. வேண்டா வெறுப்பாக, பாதி உடம்பு மட்டும் கல்லில் படும்படி உட்கார்ந்திருந்தாள். அப்போது காசிமேட்டுப் பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. தடதடதடவென்று, தகர டப்பாவில் கல்லைப் போட்டு அரக்கன் குலுக்குகிற மாதிரி. முத்தம்மா வந்துகொண்டிருக்கிறாள்!

பரசுராமனுக்கு வேர்த்தது. "அடிடா மணிய!" என்று கத்தினான்.

"மேஸ்திரி, இன்னும் வண்டி..." என்றான் மணியடிக்கிறவன்.

"அடிடான்றேன்!"

மணி அடித்தது. கடைசி 'டாங்' ஓய்வதற்குள் முத்தம்மா வாசலில் வந்து நின்றாள்.

"பிந்திட்டே!" என்றான் பரசுராமன். தொப்பை குலுங்கியது. "எல்லாரும் சாட்சி. மணி அடிக்கும்போ கல்லுல மீன் இல்ல. கல்லு போச்சு. சட்டம்னா சட்டம்தான்."

முத்தம்மா வண்டியிலிருந்து இறங்கினாள். முகமெல்லாம் புழுதி, முடியெல்லாம் புகை. அவள் அவனைப் பார்க்கவில்லை. நிதானமாகச் சந்தையை ஒரு சுற்றுப் பார்த்தாள். முதல் கல், அடுத்த கல், அதற்கடுத்த கல். கடைக்கோடி வரைக்கும் கழுவித் துடைத்துப் பளபளவென்று காலி.

"சட்டம் எல்லாருக்குமா மேஸ்திரி, எனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான்!"

"அப்ப சரி" என்றாள் முத்தம்மா. மற்றக் கற்களின் பக்கம் திரும்பிச் சத்தம் போட்டாள். "பட்டம்மா! உன் கல்லு மேல மீன் எங்க? சட்டப்படி உன் கல்லும் பூடுச்சு, எழுந்திரு. ஏ கன்னியம்மா, உங்கிட்ட மீன் இருக்குதா? இல்லியே. உக்காறதுக்கு முன்னாலயே உன் கல்லு பூடுச்சே தாயி!"

அடுத்த கல்லுக்காரி பட்டம்மாள் எழுந்தாள். குரலில் முத்தம்மாவுக்கு அவள் சளைத்தவளில்லை. "இன்னா மேஸ்திரி? உன் வண்டி வரல, மணிய அடிச்சிட்டே? எங்க கல்ல யாருக்குக் குடுக்கப் போற? உனக்கு இத்தினி மச்சினியா?"

"இல்ல, இல்ல, வண்டி இப்ப வந்துடும்..."

"வராது" என்றாள் முத்தம்மா. "மாடெல்லாம் தண்டையார்பேட்டையில ஒதுங்கி நிக்குது. வயிறு சரியில்ல."

பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். காலையிலிருந்து மீனில்லாமல் சும்மா இருந்த கைகள். கூடையில் கைவிட்டு எடுத்த மீன்களின் பழைய கதையெல்லாம் ஒவ்வொரு வாயிலிருந்தும் புறப்பட்டு வந்தது. பரசுராமனின் தொப்பை முதலில் பின்வாங்கியது, அப்புறம் அவன். முதுகு வேப்பமரத்தில் இடித்தது.

"மணி... மணி தப்பா அடிச்சிட்டான்" என்றான்.

"நீங்கதானே மேஸ்திரி அடிடா அடிடான்னு..." என்று மணியடிக்கிறவன் ஆரம்பித்தான்.

"அப்ப அடிச்ச மணியத் திருப்பி எடு" என்றாள் முத்தம்மா.

"அடிச்ச மணிய எப்பிடி எடுக்கறது?"

"எனக்கு இன்னா தெரியும்? சட்டம் போட்டவன் நீ."

கன்னியம்மா கல்லிலிருந்து மெதுவாக நழுவி எழுந்து, "நான் அப்பவே சொன்னேன் மாமா, எனக்கு மீன் கவுச்சியே ஆவாதுன்னு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்தாள்.

"சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. மணிச் சட்டம் இல்லன்னு."

"மணிச் சட்டம் இல்ல" என்றான் பரசுராமன்.

"கடைசிக் கல்லுக்குக் கேக்கல."

"மணிச் சட்டம் இல்ல!"

முத்தம்மா இடுப்புக் கொசுவத்தைச் சரி பண்ணிக்கொண்டு, கல்லின்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றித் துடைத்தாள். கன்னியம்மா உட்கார்ந்த இடத்தை இரண்டு தரம் துடைத்தாள். கூடைகளை இறக்கிக் கவிழ்த்தாள். பிழைத்துக் கிடந்த இறால்கள் கருங்கல்மேல் எகிறிக் குதித்தன. ஒன்று பரசுராமனின் கால் விரல்மேல் விழ, அவன் துள்ளினான்.

"வண்டியையாவது வெளிய நிறுத்து. பொகை தாங்கல. வாங்க வர்றவங்க பயந்துடுவாங்க" என்று முனகினான்.

"அது இங்கதான் நிக்கும். என் கல்லுக்குப் பக்கத்துல. நாளைக்கும் வரும், நாளன்னைக்கும் வரும்."

"யாரு குடுத்த பர்மிஷன்?"

முத்தம்மா அமீரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அமீர் ஜமீன்தாரை ஒரு உதை உதைத்து, கைப்பிடியை முழுசாக முறுக்கினான். தடதடதடவென்று சந்தைக் கூரையில் தூங்கிய புறாவெல்லாம் எழுந்து பறந்தது. பரசுராமனின் வாய் திறந்து திறந்து மூடியது; வருகிற வார்த்தை ஒன்றுகூட அவன் காதுக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்துக்கும் மேலே ஒரே ஒரு குரல்தான் ராயபுரம் முழுக்கக் கேட்டது.

"எறாலேய்! எண்ணூர் எறாலேய்! மோட்டார்ல வந்த எறாலு, மோட்டாராட்டமே துள்ளுது பாரு! வா நைனா, வா!"